பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு

அந்த ஊரில் மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது. வாயைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வருகிறது, மூடினால் நிற்கிறது, யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. "கிரிஜாம்மா, இந்தப் படத்துல வசனத்தைவிட மூச்சுதான் ஜாஸ்தி, ஒரு புகைகூட சத்தமில்லாம போகக்கூடாது" என்று கஜபதி சார் காலையிலேயே சொல்லிவிட்டார், அவர்தான் தமிழ் டப்பிங்குக்கு டைரக்டர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருக்கிறார், பக்கத்தில் சவுண்ட் இன்ஜினீயர் பாஸ்டின். இந்தப் பக்கம் நான், ஒரு மைக், ஒரு ஸ்டாண்டு, அதில் வசனத் தாள், எதிரே திரையில் சீனாவின் வடகோடியில் ஏதோ ஓர் ஊர், ஊருக்கு நடுவே உறைந்துபோன ஆறு. வெளியே சாலிகிராமத்தில் கத்திரி வெயில், செருப்பில்லாமல் ரோட்டில் கால் வைக்க முடியாது. இங்கே மெஷினுக்காக வைத்த ஏசியில் என் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது, அதனால் எது உள்ளே எது வெளியே என்பது காலையிலிருந்து எனக்குக் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கிறது. வளையலைக் கழற்றிப் பையில் போட்டாயிற்று, தாலிச்சரடை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாயிற்று, கஞ்சி போட்ட புடவை சரசரக்கும் என்று பழைய வாயில் புடவை. என்னிடமிருந்து என் சத்தம் எதுவும் வரக்கூடாது, வருவதெல்லாம் அவள் சத்தமாக இருக்க வேண்டும். செல்போன் பாஸ்டினிடம் இருக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் மட்டும் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் காதைச் சொறியக் கை தூக்கினாலும் என் கை ஹெட்போனைக் கழற்றப் போகிறது.

அவள் பெயர் லியன். மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறாள், அங்கே மீன்கள் விறைத்துப்போய் விறகுக்கட்டை மாதிரி நிற்கின்றன, அவள் அவற்றைக் கோடாலியால் வெட்டி விற்கிறாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், பார்க்கக்கூடாத ஒரு கொலையைப் பார்த்துவிட்டான். கொன்றவனுக்கு இவன் முகம் தெரியாது, பெயர் மட்டும் தெரியும், வென் ஹாவ். அதனால் வென் ஹாவ் வேறு ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு, ஆற்றில் ஐஸ் பாளம் வெட்டுகிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி கம்பளிக் குல்லாய், மூக்கு வரைக்கும் துணி, கண் மட்டும்தான் வெளியே. கொலைகாரன் என்ன செய்வான், பெண்டாட்டியைப் பின்தொடர்கிறான். இதுவும் கஜபதி சார் சொல்லித்தான் தெரியும், எங்களுக்கெல்லாம் முழுப் படம் காட்டமாட்டார்கள், நாங்கள் வாய் திறக்கிற இடங்களை மட்டும் துண்டு துண்டாக ஓட்டுவார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக நான் எத்தனையோ படத்தில் கதறியிருக்கிறேன், எதற்குக் கதறினேன் என்பதைப் பிற்பாடு டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முடிவு தெரியாமல் அழுவது ஒரு பழக்கம்தான், மூச்சு சரியாக இருந்தால் போதும், மீதியை ஜனங்கள் நம்பிக்கொள்வார்கள். மூச்சில் இரண்டு உண்டு. உயிரோடு இருப்பதற்காக விடுவது ஒன்று, அது தானாக வரும் தானாகப் போகும், அதில் ஒரு விசேஷமும் இல்லை. பேசப்போகிறவர்கள் எடுப்பது வேறு. சின்னது, வாய் வழியாக வெடுக்கென்று உள்ளே போய், சொல்லுக்காக ஒரு கணம் நிற்கும். அது மட்டும் சரியாக விழுந்துவிட்டால் வசனத்தைத் தூங்கிக்கொண்டேகூடச் சொல்லலாம். புதிதாக வருகிற பெண்கள் வசனத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டு இந்த மூச்சை விட்டுவிடுவார்கள், செத்தவர்கள் பேசுகிற மாதிரி இருக்கும்.

மூன்று வாரத்துக்கு மேலாக நான் அந்த இரண்டாவது மூச்சுக்காகத்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருக்கிறார், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், காலை வெயிலில் பிள்ளைகளை ஓட விட்டுவிட்டுக் கொடிக்கம்பத்தடியில் நின்றவர், அப்படியே சாய்ந்தார், தலைக்குள் ரத்தம். ஆபரேஷன் ஆயிற்று, ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்தாயிற்று, மூச்சு அவராகவே விடுகிறார், கண்கூடத் திறக்கிறார், ஆனால் கண்ணுக்குள் யாரும் இல்லை, கூரையைப் பார்க்கிறாரா என்னைப் பார்க்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. உயிரோடு இருக்கிற மூச்சு, அதுதான் வருகிறது, ஒரே அளவாக, ஒரே இடைவெளியில், நான் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போய் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்திருக்கிறேன். நேற்று டாக்டரம்மா, சின்னப் பெண், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சொன்னாள், "ஏதாவது ஒரு பதில் வரணும்மா. கண்ணோ, விரலோ, ஒரு சத்தமோ. வந்தா இங்கேயே வச்சு பயிற்சி ஆரம்பிக்கலாம். இல்லேன்னா நாளன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, டியூபோட எப்படிப் பாத்துக்கறதுன்னு சொல்லித் தர்றோம்." நாளன்னிக்கு என்றால் நாளைக்கு. கூப்பிட்டுப் பார்த்தீர்களா என்றாள். கூப்பிடாமல் என்ன. "என்னங்க, என்னங்க, நான்தான்" என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். இவர் அசையவில்லை, பக்கத்துக் கட்டில் கிழவர் கண்ணைத் திறந்து "என்னடி?" என்றார். சிஸ்டர் ஜெபராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு டிரிப்பைச் சரிசெய்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தபோது ஜெபராணி சொன்னாள், "பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. அவங்க தம்பி கூப்பிட்டாச்சு, ஸ்கூல்லேர்ந்து வந்தவங்க கூப்பிட்டாச்சு, நாங்க கூப்பிட்டாச்சு. நீங்கதான் பாக்கி." பார்க்கலாம் என்றேன். சினிமாவுக்குப் போகலாமா என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வது மாதிரி, பார்க்கலாம் என்றேன்.

இன்று வந்திருக்கவே வேண்டாம். ஆனால் பாதிப் படம் என் குரலில் பேசிவிட்டாள் லியன், மீதியை இன்னொருத்தி பேசினால் பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள், கஜபதி சார் கைகூப்பாத குறையாகக் கேட்டார், ஒரே ஒரு மத்தியானம்மா. இதோ கடைசித் துண்டு. ஆறு. வெள்ளை. நடுவில் கறுப்புக் கறுப்பாக ஆட்கள் ஐஸை அறுக்கிறார்கள், ரம்பச் சத்தம் ஹெட்போனில் என் பல்லைக் கூசவைக்கிறது. ஒருவன் மட்டும் தனியாக, விளிம்பில், குனிந்து. அவன் காலடியில் ஒரு கோடு ஓடுகிறது, மெல்லிய கோடு, லியனுக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் அவன் திரும்புவான், திரும்பினால் அவன்தான் வென் ஹாவ் என்று பின்னால் நிற்கிறவனுக்குத் தெரிந்துபோகும். கூப்பிடாவிட்டால் ஐஸ் உடையும். அவள் கரையில் நிற்கிறாள், புகை, இன்னொரு புகை, பிறகு வாய் முழுதாகத் திறக்கிறது. நான் தாளைப் பார்த்தேன். வசனம் எழுதினவர் 'என்னங்க' என்று எழுதியிருக்கிறார். நல்ல மனிதர், புரசைவாக்கத்துக்காரர், எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் பெண்டாட்டி வாயில் புருஷன் பெயர் வராமல் பார்த்துக்கொள்வார். நானும் பழக்கதோஷத்தில் 'என்னங்க' என்று ஒரு டேக் கொடுத்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டாணி நின்றது. "யோவ் பாஸ்டின், நிறுத்து. என்னம்மா இது? 'என்னங்க'ன்னா ஐஸ் வெட்டுற அத்தனை பயலும் திரும்புவானே. பேர் சொன்னாத்தானே அவன் மட்டும் திரும்புவான்? படமே அதுதானே?" பாஸ்டின் சிரித்தான். எனக்குப் பக்கத்துக் கட்டில் கிழவர் ஞாபகம் வந்தது, சிரிக்க முடியவில்லை. "வென் ஹாவ்னே சொல்லுங்கம்மா. வயித்துலேர்ந்து வரணும்." சரி சார் என்றேன்.

வென் ஹாவ். இது ஒரு பெரிய காரியமா, எத்தனை பேர் புருஷனை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், கொரியாக்காரன், தெலுங்குக்காரன், வெள்ளைக்காரன், ஒருத்தன் தாடியோடு ஒட்டகத்தில் வந்தான், அவனையும். பெயர் சொன்னால் ஆயுசு குறையும் என்பது நிஜமானால் நான் ஊர் உலகத்துப் புருஷர்களையெல்லாம் தீர்த்துக்கட்டியிருக்க வேண்டும். சிரிக்கத்தான் தோன்றுகிறது, ஆனால் என் வீட்டில் மட்டும் சொன்னதில்லை, மனதுக்குள்கூடச் சொன்னதில்லை, இப்போதுகூடப் பாருங்கள், அவர் அவர் என்றுதான் ஓடுகிறது. ரேஷன் கடையில் கார்டை நீட்டிவிடுவேன், பாங்கில் எழுதிக் காட்டிவிடுவேன், ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடுகிறபோது அந்தப் பையன் நோயாளி பேர் என்னம்மா என்று கேட்கக் கேட்க நான் பையைத் துழாவி ஆதார் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார், நான் கார்டைத் தேடுகிறேன். கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது நாத்தனார்கள் சூழ்ந்துகொண்டு பேரைச் சொல்லு, சொன்னால்தான் எழுந்திருக்க விடுவோம் என்றார்கள். நான் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கடைசியில் அவர் விசிலை எடுத்து ஊதிவிட்டார், கல்யாண வேஷ்டியிலும் விசில் வைத்திருந்த மனிதர், ஆட்டம் முடிஞ்சுது எல்லாரும் கலையலாம் என்றார். அன்று தனியாக இருக்கும்போது சொன்னார், "என்னிக்காவது ஒருநாள் நீ என் பேரைச் சொல்லுவே பாரு. அன்னிக்கு நான் திரும்பிப் பாக்கமாட்டேன், ஆமா. அதிர்ச்சியில அப்படியே நின்னுடுவேன்." விளையாட்டுக்குத்தான் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னதெல்லாம் மூன்று வாரமாக என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

"டேக்" என்று காதுக்குள் பாஸ்டின். ஆறு ஓடுகிறது, ஓடவில்லை, நிற்கிறது, படம் ஓடுகிறது. கோடு. புகை. இன்னொரு புகை. நான் மூச்சை எடுத்தேன், சரியான மூச்சு, வெடுக்கென்று உள்ளே போய் நின்றது, நின்றது, அங்கேயே நின்றுவிட்டது, லியன் வாய் திறந்து மூடிவிட்டாள், என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. "கிரிஜாம்மா?" ஒன்றுமில்லை சார், இன்னொரு தரம். இன்னொரு தரமும் அதேதான். மூச்சு வருகிறது, பெயர் வரவில்லை. வென் ஹாவ் என்பதில் என்ன கஷ்டம், உதடுகூட மூட வேண்டாம். வெந்நீர் குடித்தேன். திரையை அந்த இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வெள்ளை ஆறு, விரித்துப் போட்ட ஆஸ்பத்திரிப் படுக்கை, சலவை மடிப்பு மாதிரி நடுவில் அந்தக் கோடு, ஓரத்தில் தனியாக ஒருவர், குல்லாய் போட்டிருக்கிறாரா தலையில் கட்டுப் போட்டிருக்கிறாரா என்று எனக்குத் திடீரென்று சந்தேகமாகிவிட்டது. காலடியில் ஜில்லென்று ஏறுகிறது. ஐஸுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்குமாம், கஜபதி சார் சொன்னார், மேலே லாரி போகும், கீழே மீன் போகும். அவருக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் ஓடுவார்கள், விசில் ஊதும், நான் தோசை வார்ப்பேன், மேலே மட்டும்தான் இறுகிப்போய்விட்டது. எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்தால் தட்டலாம். தட்டுகிற இடத்தில் உடைந்து ஆளே உள்ளே போய்விட்டால்? பெயர் சொன்னால் ஆள் போய்விடும் என்பது என்னுடைய பயம் இல்லை, அம்மாவுடையது, அம்மா எனக்குக் கொடுத்தது. விழுப்புரத்தில் அப்பா தண்ணீர் பிடிக்க இறங்கினார், நான் அப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வயசு, ரயில் கிளம்பிவிட்டது, அப்பா குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே கூட்டம், யார் யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள். அம்மா எழுந்தாள், அவள் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை, ஜன்னல் வழியாகத் தலையை விட்டு அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். முழுப் பெயர். அந்த மழைக்காலத்தில் அப்பா போய்விட்டார், நெஞ்சுச் சளி, ரொம்ப நாளாக இருந்ததுதான், ஆனால் அம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தாண்டி சொல்லிட்டேன், என் வாய்தாண்டி.

"போலாமா அக்கா?" என்கிறான் பாஸ்டின். போலாம் என்று தலையாட்டுகிறேன், ஆனால் நான் இன்னும் விழுப்புரத்தில்தான் நிற்கிறேன், கம்பி கையில் சுடுகிறது. அம்மா கத்தினாள், பிறகு என்ன ஆயிற்று? பிறகு அப்பா செத்துப்போனார். இல்லை, அது பிறகுக்குப் பிறகு. அம்மா கத்தினவுடன் என்ன ஆயிற்று? இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை, அம்மாவும் சொன்னதில்லை, அவள் கதையில் கத்தினதும் அப்பா நேராகப் பாடைக்குப் போய்விடுவார். ஆனால் நான் பார்த்தேனே, கம்பிக்குள்ளிருந்து பார்த்தேனே. அப்பா திரும்பினார். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அவர் ஒருத்தர்தான் திரும்பினார். கூஜாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தார், வேஷ்டி அவிழ அவிழ ஓடிவந்து படியில் தாவினார், யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள், எங்கள் பெட்டிக்குள் வந்து மூச்சு வாங்க வாங்க அம்மாவைப் பார்த்து, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டியா என்று சிரித்தார். அப்பா ரயிலைப் பிடித்துவிட்டார். அம்மா, அப்பா ரயிலைப் பிடித்துவிட்டாரே, அதை ஏன் நீ சொல்லவே இல்லை, மழைக்காலம் வரைக்கும் நம்மோடு இருந்தாரே, எனக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்தாரே. திரையில் கோடு ஓடுகிறது. புகை. இன்னொரு புகை. லியன் வாய் திறக்கிறது, என் வாயும் திறக்கிறது, வயிற்றிலிருந்துதான் வந்தது, கஜபதி சார் கேட்ட மாதிரியே வயிற்றிலிருந்து.

"தாமோதரன்!"

ஆற்றில் அவன் திரும்பினான். படம் அத்தோடு நின்றது. நான் என் குரல் எங்கே போயிருக்கும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டின், "சிங்க் ஆவலக்கா, உதடு மூடுது" என்று ஆரம்பித்தான், கஜபதி சார் அவன் தோளில் கை வைத்தார். அவருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தவர்களில் அவரும் ஒருத்தர். "அம்மா, டீ குடிச்சுட்டு வாங்க. வென் ஹாவ் எங்கேயும் போயிடமாட்டான்" என்றார். நான் ஹெட்போனைக் கழற்றினேன். "அவன் பிழைச்சுக்கறானா சார்?" என்று கேட்டேன். அவர் கையை விரித்தார். "அது அடுத்த ரீலு. அதுல உங்களுக்கு வசனம் இல்ல." பாஸ்டினிடம் செல்போனை வாங்கிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே வந்தேன், வராந்தாவில் வெயில் ஓங்கி அறைந்தது, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, துடைத்துக்கொண்டு வார்டு நம்பரை அழுத்தினேன். டீ வாங்கப் போகிறவர்கள் என்னை ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

ஜெபராணிதான் எடுத்தாள். "சிஸ்டர், போனை அவர் காதுகிட்ட வைங்க" என்றேன். என்ன ஆச்சும்மா, நேர்ல வந்து பேசலாமே என்றாள். "வர்றேன். இப்ப வைங்க." நேரில் போகும்வரைக்கும் தைரியம் இருக்குமா என்று எனக்கே தெரியவில்லை, ஆட்டோ வடபழனி சிக்னலில் நின்றால்கூட அம்மா வந்து ஏறிக்கொள்வாள். செருப்புச் சத்தம் போயிற்று. தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. பக்கத்துக் கட்டில் கிழவர் இருமினார். பிறகு எல்லாம் தள்ளிப்போய், மிகப் பக்கத்தில், அவர் மூச்சு. உயிரோடு இருக்கிற மூச்சு, ஒரே அளவாக, மூன்று வாரமாக நான் மனப்பாடம் செய்துவைத்திருப்பது. சுவர் சுட்டது, சாய்ந்துகொண்டேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னார்கள். கத்தவில்லை. காலையில் எழுப்புகிற குரலில், யாருடைய குரலும் இல்லாத என் குரலில் சொன்னேன், தாமோதரன். சொன்னதும் அந்த மூச்சு நின்றது. வர வேண்டிய இடத்தில் அடுத்த மூச்சு வரவில்லை. கோடு ஓடுகிறது, ஐயோ, ஓடுகிறது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அப்போது கேட்டது. சின்னது, வாய் வழியாக, வெடுக்கென்று உள்ளே போய் நின்றது. நாலு சுவருக்குள் நின்று ஆயிரம் வாய்களில் பார்த்துப் பார்த்து நான் எடுத்துக் கொடுத்த மூச்சு, இதில் எனக்குத் தப்பாது. போனில் ஜெபராணி பதற்றமாக "அம்மா, இங்க பாருங்க, வாயி" என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க சிஸ்டர்" என்றேன். "அவர் பேசப்போறார்."